வான் வாசலில் கண் சோதனை

ஊர்விட்டு வந்த எங்கள் சனம் குடியிருக்கிற மோர்னிங்சைட்டில், ஒரு பிளாசாக் கடைத்தொகுதிக்குப் பின்னால் விடியப்புறம் வான் வந்து நிற்கும். நகரத்துக்கு வெளியே உள்ள சோளத் தோட்டங்களுக்கு எங்களை ஏற்றிப்போகிற வான். ஏறுமுன் ஒவ்வொருத்தியும் வான்கார அண்ணையிடம் கண்ணைக் காட்ட வேண்டும். மாடு வாங்க வந்த தரகர் மாதிரிக் கீழிமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்ப்பார். சிவந்திருந்தால் கண்நோய், எல்லோருக்கும் தொற்றிவிடும், வேலை இல்லை. அடுத்த நாளே அந்த இடத்தில் வேறொருத்தி இருப்பாள். பெரிய கண் டொக்டர் இவர்!

சோளத்துக்குள் இறங்கினால் யாருடைய கண்தான் சிவக்காது? வெயில், தூசி, முகத்தில் அறைகிற இலை. நான் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.

“என்ன, படத்திலை நடிக்க வந்தனீரோ?” என்றார் அண்ணை. வான் முழுக்கச் சிரித்தது. வியர்வை ஆவியில் கண்ணாடி மங்கி, கதிர் பிஞ்சா முற்றலா என்றும் தெரியவில்லை. கழற்றிவிட்டேன்.

ஓகஸ்டில் ஒரு நாள் இலை விளிம்பு என் இடது கருமணியைக் கீறியது. மறுநாள் கண் செவ்வரத்தம்பூவாகச் சிவந்து கிடந்தது.

“உந்தக் கண்ணோடை ஏத்தேலாது. தள்ளி நில்லும்.”

கெஞ்சினேன். எனக்கு வேறு வேலையும் இல்லை, வேறு வேலை தேட ஆங்கிலமும் இல்லை. அவர் கேட்கவில்லை. வானுக்குள் இருந்த அன்ரி ஒருவர் இரக்கப்பட்டு ஒரு சின்னப் போத்தலைக் கையில் திணித்தார். கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த கண்மருந்து.

“விட்டுப்பார் பிள்ளை. விடியிறதுக்குள்ளை வெளுத்திடும்.”

வெளுத்தது. அண்ணை இமையை இழுத்து, “ஆ, இதெல்லோ கண்!” என்றார்.

வலி மட்டும் போகவில்லை. வெளிச்சம் பட்டால் ஊசி குத்தியது. மருந்து விடவிடக் கண் வெளுத்தது, பார்வை மங்கியது. வெள்ளையாக இருக்கிறதே, சுகமாகும் என்று நானும் நம்பினேன். அறுவடை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, போத்தலைப் பார்த்த டொக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. கீறலுக்குள் பூஞ்சணம் பிடித்துக் கருமணியைத் தின்றிருக்கிறதாம். மருந்து சிவப்பை மறைத்துவிட்டு, பூஞ்சணத்தை வளர்த்துவிட்டதாம். மாதக்கணக்காக வைத்தியம் பார்த்துப் புண் ஆறியது. ஆனால் கண்ணில் பூ விழுந்துவிட்டது. இடது பக்கம் இப்போது பால் கலந்த தண்ணீர் மாதிரித்தான் தெரிகிறது. நாசமாய்ப் போன சோளம்!

இந்தக் கோடையில் திரும்பவும் அதே வரிசையில் போய் நின்றேன். இந்தக் கண்ணோடு ஏற்றுவாரோ தெரியாது. அண்ணை இமையை இழுத்தார். கருமணியில் இருந்த வெள்ளையை வடிவாக உற்றுப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் மற்றக் கண்ணால் பார்த்தேன்.

“உதாலை ஏதும் தெரியுதோ?”

“இல்லை அண்ணை.”

“தொத்துமோ?”

“இல்லை.”

“சிவப்பில்லைத்தானே. பிறகென்ன? கெதியா ஏறும்.”

காறித் துப்பியிருக்க வேண்டும். நான் “நன்றி அண்ணை” என்று சொல்லிவிட்டு ஏறினேன்.