ஆறு மணித் தண்ணீர்

சலவைக்கடைக்காரியிடம் வம்பு வளர்த்து ஜெயித்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. பதினாறு வருஷமாக ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கை மரத்துப் போனவள். வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

அவளுக்கும் பக்கத்துச் சாயப்பட்டறைக்காரருக்கும் ஒரே குழாய். தண்ணீர் காலையில் இரண்டு மணி நேரம்தான். ஆறு முதல் ஏழு அவளுக்கு, ஏழு முதல் எட்டு அவருக்கு. ஒருவர் நேரத்தில் மற்றவர் தன் வால்வை மூடிவிட வேண்டும். இரண்டு பேரும் திறந்தால் இருவருக்கும் உருப்படியாக வராது. எழுத்தில் ஒன்றும் இல்லை. மறுநாளும் அதே முகத்தில் விழிக்க வேண்டுமே என்பதுதான் ஒப்பந்தம்.

அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. "நானா கெடுக்க மாட்டேன். கெடுத்தா உடனே திருப்பிக் குடுப்பேன். திருந்திட்டா அன்னைக்கே மறந்துடுவேன்."

ஒரு நாள் ஆறு மணித் தண்ணீர் பாதியாக வந்தது. 'ஓகோ!' என்று ஏழு மணிக்குத் தன் வால்வைத் திறந்தே வைத்தாள். மறுநாள் அவளுக்கு நூலாக வந்தது. அவளும் விடவில்லை. பத்து நாள் இப்படியே போனது. சோப்பு போகாத விரிப்புகளை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பியது. வெள்ளிக்கிழமையும் இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம்.

"நாளைக்கு நம்ம வால்வை மூடிடப் போறேன்," என்றாள் புருஷனிடம்.

"இளிச்சவாயின்னு நினைப்பாரு."

"ஒரு நாள் நினைச்சுட்டுப் போகட்டும். யாராவது நிறுத்தலைன்னா ரெண்டு பேருமே கடையைப் பூட்ட வேண்டியதுதான்."

சொன்னபடி வியாழக்கிழமை மூடினாள். வெள்ளிக்கிழமை தண்ணீர் கூடியது; ஆனால் பாதிக்கு மேல் ஏறவில்லை. கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஏழு மணிக்குப் பட்டறைக்காரர் வந்ததும் நேரே போய் நின்றாள்.

"அண்ணே, இன்னும் ஏன் பாதிதான் வருது?"

"நீ என் நேரத்துல திறந்து வச்சதால, வால்வுக்கு முன்னாடி இருக்கிற முற்றத்துக் குழாயைத் திறந்து பீப்பாயில விட்டிருந்தது வாஸ்தவம். நேத்து நீ நிறுத்தினதும் நானும் அதை நிறுத்திட்டேனே! மெயின் வால்வை நான் தினமும் மூடிட்டுத்தாம்மா வீட்டுக்குப் போறேன்."

அவர் வால்வைத் திருகிக் காட்டினார். கைப்பிடி சுற்றிக்கொண்டே இருந்தது. தரைத்தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் நிற்கவில்லை. உள்ளே மரை தேய்ந்திருந்தது. பாவம், அவருக்கே தெரியாது.

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. முதல் நாள் தண்ணீர் குறைந்ததும் இதனால்தான். அப்படியானால் வேண்டுமென்றே முதலில் கெடுத்தது யார்?

"நான்தாண்ணே," என்றாள். "ஒரு வார்த்தை கேட்காம திறந்துட்டேன்."

அவர் வால்விலிருந்து கையை எடுத்தார். பிறகு, "இன்னைக்கு என் ஒரு மணி நேரத்தையும் எடுத்துக்க. ஆஸ்பத்திரித் துணி போகணுமில்ல?" என்றார்.

"அப்போ உங்க சாயத் துணி?"

"நாளைக்கு நீ எனக்குத் தராமயா போயிடப் போற?"

ஓடிப்போய் விரிப்புகளைத் தொட்டியில் போட்டாள்.