சைக்கிள் ரியூப்பால் கட்டிய பிரதி

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு மணித்தியாலம். இந்த எண்ணை முதலில் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உரும்பிராயைச் சேர்ந்த நாகேஸ்வரி கந்தப்பு எட்டு வருடத்தில் விமானம் ஓட்டிய நேரம் அது. வயது ஐம்பத்தேழு. கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். உண்மையான விமானத்தில் ஒருநாளும் ஏறியதில்லை. கடவுச்சீட்டு இருக்கிறது, அதில் ஒரு முத்திரைகூட இல்லை. ஓட்டியதெல்லாம் வீட்டு முன்னறையில், மகள் கனடாவிலிருந்து காசனுப்பி வாங்கித் தந்த கொம்பியூட்டரில்.

அயலில் அதை 'பிளேன் விளையாட்டு' என்றார்கள். மகளும் அப்படித்தான் சொன்னாள். நாகேஸ்வரி விளையாடவில்லை. பலாலியிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் என்றால், அவர் ஒன்றேகால் மணித்தியாலமும் கதிரையை விட்டு எழும்பமாட்டார். அந்த மென்பொருளில் நேரத்தை நாலு மடங்கு வேகமாக ஓடவிட ஒரு வசதி இருக்கிறது. அதை அவர் ஒருநாளும் தொட்டதில்லை. அடுப்பை அணைத்து, போனையும் நிற்பாட்டிவிட்டுத்தான் கிளம்புவார். நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்கிற அவருடைய புருஷன் கந்தப்பு மத்தியானம் வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு யன்னலால் எட்டிப்பார்ப்பார்.

"இப்ப எங்கை நிக்கிறீர்?"

"கோடியக்கரைக்கு மேலை."

"அப்ப சோறு?"

"இறங்கினாப் பிறகு."

ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களுக்கு அவர் நேரான பதில் சொன்னதில்லை. தொண்ணூறுகளில் பதுங்குகுழிக்குள் குந்தியிருந்து, சத்தத்தை வைத்தே வருவது எந்த விமானம் என்று சொல்லக்கூடியவர். அந்த வயதுக்காரர் எல்லாருக்கும் தெரிந்த படிப்பு அது. ஒருவரும் விரும்பிப் படிக்கவில்லை. மேலே இருப்பவனுக்குக் கீழே என்ன தெரிகிறது என்ற கேள்வி மட்டும் அவருக்குள் கிடந்தது. கொம்பியூட்டர் வந்த முதல் மாதம், தட்டுத்தடுமாறி பலாலியிலிருந்து ஏறி, தெற்கே திருப்பி, உரும்பிராய்க்கு மேலே வந்து தன் வீட்டைத் தேடினார். பச்சைக் கம்பளம் விரித்ததுபோல ஒரு வெளி. வீடுமில்லை, ஆளுமில்லை. அன்று பின்னேரம் கந்தப்புவிடம் சொன்னார்.

"ஒண்டும் தெரியேல்லை. அவங்களுக்கும் ஒண்டும் தெரிஞ்சிருக்காது."

நாகேஸ்வரி அதற்குப் பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

இணையத்தில் 'வடதிசை வானோடிகள்' என்று ஒரு குழு. பத்தொன்பது பேர். நோர்வேயில் இருக்கும் செபநாயகம் அதற்குச் செயலாளர். ஒவ்வொரு பொங்கலன்றும் பின்னேரம் எல்லாரும் ஒரே நேரத்தில் கொம்பியூட்டர் முன் இருந்து, பலாலியிலிருந்து சென்னைக்கு வரிசையாகப் பறப்பார்கள். முன்னுக்குப் போகிறவர் சொல்வதை மற்றவர்கள் கேட்க வேண்டும். முன்னுக்குப் போக ஆயிரம் மணித்தியாலம் வேண்டும். மென்பொருள் தானாக எழுதிவைக்கும் பறப்புப் பதிவுக் கோப்பை அனுப்பி அதை நிரூபிக்க வேண்டும். அதுவரை முன்னுக்குப் போனவர்கள் எல்லாரும் வெளிநாட்டில் இருப்பவர்கள். வருகிற பொங்கலுக்கு நாகேஸ்வரியின் பெயரைப் போட்டிருந்தார்கள். நவம்பர் நடுவில் நாலு மணித்தியாலம்தான் குறைவு. இரண்டு தடவை சென்னைக்குப் போய் வந்தால் முடிந்தது.

குண்டு போட வருகிறவற்றைக் கீழே இருந்து எண்ணியவர். இப்போது பதினெட்டு விமானம் அவருக்குப் பின்னால் வரப்போகிறது. இதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. ஒக்ரோபர் முழுக்க நடையில் மட்டும் தெரிந்தது.

பிரதி எடுக்காத ஆள் அல்ல அவர். ஒவ்வொரு வெள்ளியும் கோயிலால் வந்து, கால் கழுவி, முழுவதையும் வெளியே வைக்கும் ஒரு ஹாட் டிஸ்க்கில் பிரதி எடுப்பார். பிரச்சினை, அதை வைத்த இடம்.

எங்கள் வீடுகளில் ஒரு பை இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, அவற்றின் போட்டோப் பிரதிகள், எல்லாம் அந்த ஒரு பைக்குள். ஓடவேண்டி வந்தால் ஒரு கையில் பை, மறு கையில் பிள்ளை. நாகேஸ்வரி ஒன்பது தடவை இடம்பெயர்ந்தவர். அந்தப் பையிலிருந்து ஒரு கடதாசியும் தொலையவில்லை. தையல் மெஷினை நம்பிக்கையாக ஒரு வீட்டில் விட்டுப் போனார். அது திரும்பி வரவில்லை. கையில் இருப்பதுதான் உனக்கு, பிறத்தியார் வீட்டில் இருப்பது உனக்கில்லை. அனுபவம் அவருக்குப் படிப்பித்தது இதுதான். ஆகவே அந்த ஹாட் டிஸ்க்கைக் கொம்பியூட்டர்ப் பெட்டியின் மேலேயே வைத்து, பழைய சைக்கிள் ரியூப்பை வாராக வெட்டி இறுக்கிக் கட்டினார். வயரையும் கழற்றவில்லை. பெட்டியைச் சுற்றிச் சீலையால் ஒரு கைபிடியும் தைத்துப் போட்டார். இழுத்துத் தூக்கினால் இரண்டும் ஒன்றாக வரும்.

மருதனார்மடத்தில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவன் அவருடைய தமையனின் மகன் சிவதர்ஷன். ஒரு பிரதியைத் தன் கடையில் தாருங்கள் என்று மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் ஏச்சு வாங்கினான்.

நவம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். வடக்கே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடி கேட்டவுடனேயே நாகேஸ்வரி போய்ப் பிளக்கைக் கழற்றினார். ரிவியையும் கழற்றினார். இணைய வயரை மறந்தார். அது சுவரோரமாக வந்து கொம்பியூட்டரின் முதுகில் செருகியபடியே கிடந்தது. அடுத்த வளவுத் தென்னையில் மின்னல் விழுந்தது. சுவரில் இருந்த இணையப் பெட்டி 'பட்' என்று ஒரு வெள்ளைப் பொறி விட்டது. ரப்பர் கருகிய மணம் வந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் கந்தப்பு பெட்டியைச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டி, இருவருமாக மருதனார்மடம் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். சிவதர்ஷன் திறந்து பார்த்தான். ஒவ்வொரு துண்டாகக் கழற்றி வேறு இயந்திரத்தில் போட்டுப் பார்த்தான். அதற்கு முக்கால் மணித்தியாலம் சென்றது.

"மாமி, ரெண்டும் போச்சுது."

"ரெண்டும் எண்டால்?"

"உள்ளுக்கை இருந்ததும், மேலை கட்டியிருந்ததும்."

"மேலை இருந்தது பக்அப்படா."

"பக்அப்பை ஆராவது கொம்பியூட்டரின்ரை முதுகிலை கட்டி வைக்கிறதே? வயராலை உள்ளுக்கு வந்தது அப்பிடியே மேலையும் ஏறிட்டுது."

"தூக்கிக்கொண்டு ஓடுறதுக்கெண்டுதான் கட்டினனான்."

"எங்கை மாமி ஓடப்போறியள்?"

கடையில் பிரிண்டருக்கு மை நிரப்ப வந்து நின்றவர்கூடச் சிரிக்கவில்லை. அவருடைய வீட்டிலும் அப்படி ஒரு பை இருந்திருக்கும்.

கொழும்பில் ஒரு இடத்தில் செத்த டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தருவார்கள் என்று சிவதர்ஷன் சொன்னான். இரண்டையும் பொதி பண்ணி அனுப்பினார்கள். பிறகு தொடங்கியது தொலைபேசி. முதல் கிழமை, பொதி வந்ததே தெரியாது என்றார்கள். இரண்டாம் கிழமை, வந்தது, ஆனால் பார்க்கிறவர் லீவு என்றார்கள். அடுத்தநாள் போயா விடுமுறை. அதற்கு அடுத்தநாள் சனி. நாகேஸ்வரி சிங்களத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வந்தது, ஆங்கிலத்தில் கேட்டால் 'பொறுங்கோ' என்று தமிழில் ஒரு குரல் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. மூன்றாம் கிழமை முடிவில் ஒரு வரி வந்தது. எடுக்க முடியாது. ஏன் என்று ஒரு சொல் இல்லை. மனுசர் எட்டு வருடம் செய்ததை ஒரு வரியில் மூடிவிட்டார்கள்.

கந்தப்பு தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். புதிதாக ஒன்றை வாங்கி, அதில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு என்று கையால் அடித்துவிட்டால் என்ன, ஆர் வந்து பார்க்கப்போகிறான் என்றார். நாகேஸ்வரி இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

செய்தி நோர்வேக்குப் போனது. செபநாயகம் போனில் அழைத்தார். நல்ல மனுசன். குழுவில் எல்லாருக்கும் அக்காவைத் தெரியும், அக்கா பொய் சொல்லமாட்டா என்றும் தெரியும், பொங்கல் ஒழுங்கெல்லாம் முடிந்துவிட்டது, இந்த ஒருமுறை கோப்பு வேண்டாம் என்றார்.

"நீங்கள் வாயாலை சொன்னால் காணும், அக்கா."

நாகேஸ்வரி ஒருநாள் தவணை கேட்டார்.

ஏன் தவணை என்பதை விளங்கிக்கொள்ள இரண்டு வருடம் பின்னுக்குப் போகவேண்டும். லண்டனில் இருக்கும் ஜெரிசன் என்ற பருத்தித்துறைப் பொடியனின் கொம்பியூட்டர் அப்போது பழுதாகி, அறுநூறுக்கு மேற்பட்ட மணித்தியாலம் அழிந்தது. அறுநூறையும் தன் பெயரில் விடும்படி குழுவிடம் கேட்டான். பாதிப்பேர் பாவம் பார்த்தார்கள். குழுவின் இணையக் கூட்டத்தில் நாகேஸ்வரி ஐந்து நிமிடம் பேசினார். கோப்பு இல்லையென்றால் மணித்தியாலம் இல்லை, இன்று ஒருவருக்கு வளைத்தால் நாளை எல்லாருக்கும் வளைக்கவேண்டும் என்றார். வாக்கெடுப்பில் அவர் பக்கம் வென்றது. ஜெரிசன் பூச்சியத்திலிருந்து தொடங்கினான். இன்றைக்கும் அவன் நடுவழியில்தான் நிற்கிறான்.

செபநாயகத்திடம் தவணை கேட்ட அன்று பின்னேரம் ஜெரிசனே அழைத்தான். குத்திக்காட்டத்தான் எடுக்கிறான் என்று நாகேஸ்வரி நினைத்தார். அப்படியென்றால் சமாளித்திருக்கலாம்.

"அக்கா, வாக்கெடுப்பு வைச்சால் நான் உங்கடை பக்கம்தான்."

"ஏன்?"

"உங்களை எனக்குத் தெரியுமே. நீங்கள் ஓட்டினதை எத்தினை நாள் ஸ்கிறீனிலை பாத்தனான்."

"உன்னையும் எனக்குத் தெரியும். அப்ப நான் வாக்குப் போட்டனானே?"

"இல்லை" என்றான். "நீங்கள் சொன்ன வசனம் இப்பவும் எனக்குப் பாடம், அக்கா. விருப்பமெண்டால் சொல்லிக் காட்டட்டே?"

"வேண்டாம்."

போனை வைத்துவிட்டு வெறும் மேசையைப் பார்த்தார். கொம்பியூட்டர் இருந்த இடத்தில் தூசி இல்லாத ஒரு சதுரம். ஆத்திரம் யார்மேல் என்று தெரியவில்லை. மின்னல்மேலா, கொழும்பின்மேலா, கழற்ற மறந்த வயர்மேலா, இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஐந்து நிமிடம் பேசிய பெண்மேலா? பேசியது பிழை என்று சொல்லவும் முடியவில்லை. அது சரியாகத்தான் இருந்தது. அதுதான் கூடக் கொதித்தது. இருபத்தெட்டு வருடம் சங்கத்தில் ஆட்களைத் திருப்பி அனுப்பியவர்: கூப்பன் துண்டு கொண்டு வந்தால் சீனி, இல்லாவிட்டால் நாளைக்கு. சொந்தத் தமையனையும் அப்படி அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் காலை செபநாயகத்துக்கு எழுதினார். கோப்பு இல்லை. ஆகவே மணித்தியாலமும் இல்லை. பொங்கலுக்கு வேறு ஆளைப் போடவும். மூன்று வரி. கந்தப்பு வாசித்துவிட்டு, "விசர் மனுசி" என்றார். ஆனால் மெதுவாகத்தான் சொன்னார்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்க, சிவதர்ஷன் பழைய பாகங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கொம்பியூட்டரோடு வந்தான். மேசையில் வைத்து, வயர்களைச் செருகி, இணைய வயரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். போகவும் இல்லை, இருக்கவும் இல்லை.

"என்னடா?"

"மாமி, ஏசக்கூடாது."

கதை இதுதான். இரண்டாயிரத்துப் பத்தொன்பது மார்ச்சில் நாகேஸ்வரியின் கொம்பியூட்டருக்குக் காற்றாடி மாற்றக் கடைக்குக் கொண்டுபோனார்கள். சிவதர்ஷன் எந்த இயந்திரத்தைத் திறந்தாலும் முதலில் முழுவதையும் பிரதி எடுத்துவிட்டுத்தான் திருகாணியைத் தொடுவான். அது அவன் தொழில் பழக்கம். நாகேஸ்வரி அதைக் கண்டுபிடித்து, கேளாமல் பிரதி எடுப்பது களவு என்று கடை நிறைய ஆட்கள் நிற்க ஏசி, தன் கண் முன்னாலேயே அழிப்பித்தார்.

"அழிச்சனியெல்லே?"

"நீங்கள் பாத்ததை அழிச்சனான். நான் எப்பவும் ரெண்டு இடத்திலை போடுறனான். மற்றது இப்ப இதுக்குள்ளை கிடக்கு."

நாகேஸ்வரி அவனைப் பார்த்தார். மூன்று கிழமை கொழும்போடு மல்லுக்கட்டியபோதும் அதற்குப் பிறகும் இவன் இதை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறான்.

"ஏன்ரா முந்திச் சொல்லேல்லை?"

"முழுசும் கொழும்பிலை கிடைச்சிடும், இதைச் சொல்லி வீணா ஏச்சு வாங்குவான் ஏன் எண்டு இருந்திட்டன். பேந்து சொல்லப் பயம்."

அவர் ஏசினார். வாசல்வரை கேட்கிற மாதிரி ஏசினார். ஏசி முடிந்ததும் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். பிறகு அவன் கொண்டுவந்த புது ஹாட் டிஸ்க்கை எடுத்து, கொம்பியூட்டர்ப் பெட்டியின் மேல் வைத்தார். பழக்கம். கை அந்த ரியூப் வாரையும் தேடியது. பிறகு எடுத்துச் சிவதர்ஷனிடம் நீட்டினார், அவன் பிடித்த பிறகும் ஒரு கணம் விடவில்லை.

"இண்டையான் பிரதியை எடுத்து உன்ரை கடையிலை வை. துலைஞ்சால் உன்னைத்தான் கேப்பன்."

இணைய வயரையும் செருகிவிட்டு அவன் போன பிறகு கதிரையில் இருந்து பறப்புப் பதிவைத் திறந்தார். கடைசி வரி, பத்தொன்பதாம் ஆண்டு மார்ச், பலாலியிலிருந்து இரத்மலானை, மோசமான இறக்கம். அதற்குப் பிறகு அவர் கற்றுக்கொண்ட எதுவும் அதில் இல்லை. கோப்பை அப்படியே செபநாயகத்துக்கு அனுப்பினார். கூட ஒரு சொல்லும் எழுதவில்லை. அடியில் கூட்டுத்தொகை நின்றது.

இருநூற்றுப் பன்னிரண்டு மணித்தியாலம்.