மாதா பாட்டு வந்தால் சண்டை நிற்கும்

மேடைக்கு என்ன பறந்து வருகிறது என்பதை வைத்தே எந்தக் கொண்டாட்டத்தில் நிற்கிறோம் என்று கிறகரி சொல்லிவிடுவான். பிளாஸ்ரிக் கதிரை என்றால் கலியாண வீடு. செருப்பு என்றால் பள்ளிக்கூட மைதானம். போத்தல் வந்தால் கோயில் பெருநாள். எங்கள் இசைக்குழுவுக்குப் பெயர் முத்துச்சரம். கிறகரிதான் தலைவன், டிரம்ஸ் அடிப்பவனும் அவனே. நான் பிலிப்பு, கீபோர்ட். கிழமை நாட்களில் ஒரு கந்தோரில் கோப்புகளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டிருப்பேன். சனி, ஞாயிறு வந்தால் மன்னாரிலிருந்து அரிப்பு வரைக்கும் எந்த ஊர் கூப்பிட்டாலும் லொறியில் ஏறிவிடுவேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிற ஆள் நான் என்று என் மனுசி சொல்வாள்.

கிறகரியிடம் ஒரு சட்டம் இருந்தது. கீழே சண்டை வந்தால் மேலே பாட்டு நிற்கக்கூடாது. பாட்டு நின்றால் ஆடிக்கொண்டிருப்பவனும் திரும்பிச் சண்டையைப் பார்ப்பான், பார்த்தவனுக்குக் கை சும்மா இருக்காது. சட்டம் சரிதான். ஆனால் அவன் அடிப்பதோ பைலா, காலைச் சும்மா நிற்கவிடாத துள்ளல் பாட்டு. வெறியில் நிற்கிறவர்களுக்குப் பைலாவை இன்னும் கூட்டி அடித்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றின கதைதான். ஒருமுறை ஒரு மனிதனைத் தூக்கி என் கீபோர்டின் மேலேயே போட்டார்கள். அவன் எழும்பி, "சொறி மாஸ்ரர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் சண்டைக்கு ஓடினான்.

பாடுவதற்கு ஜெனிற்றா வந்த பிறகுதான் எங்களுக்கு நல்ல காலம் பிறந்தது.

அவள் பிறந்தது அக்கரையில், மண்டபம் அகதி முகாமில். போர் முடிந்து, தாய் தகப்பனோடு அரிப்புக்குத் திரும்பி வந்தபோது பதினேழு வயது. வந்த புதிதில் 'ஓம்' என்று சொல்ல அவளுக்கு வாய் வராது, 'ஆமா' என்பாள். பெட்டைகள் சிரிப்பார்கள். அதனால் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்தாள். அந்தக் காதில் முதலில் விழுந்தது கோயில் ஒலிபெருக்கி. எங்கள் கரையில் விடியப்புறம் வள்ளங்கள் இறங்கும் நேரத்தில் ஒரு மாதா பாட்டுப் போடுவார்கள். பாட்டுத் தொடங்கியதும் ஆண்கள் கையில் இருப்பதைக் கீழே வைப்பார்கள். மண்ணெண்ணெய் கான், வலை, வள்ளம் வலிக்கிற சவள், எதுவானாலும் கீழே. பிறகு நெற்றியில் கை வைத்துச் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் வள்ளத்தில் தோள் கொடுப்பார்கள். சாதி சனம் தெரியாத ஊரில் அந்தப் பாட்டுத்தான் தனக்கு முதல் சிநேகிதம் என்று ஜெனிற்றா என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

எங்களோடு பாட வந்த புதிதில் ஒரு பெருநாள். மறுநாள் பின்னேரம் கடற்கரையில் மேடை. இரண்டு கட்சி மோதிக்கொண்டது. ஒருவன் கையில் சவள், ஒருவன் கையில் உடைந்த போத்தல். கிறகரி வழக்கம்போலப் பைலாவைத் துரத்திக்கொண்டிருந்தான். ஜெனிற்றா அவனைத் திரும்பிப் பார்த்து, கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வாத்தியம் ஒன்றும் இல்லாமல், அந்த மாதா பாட்டைத் தொடங்கினாள்.

எனக்கு இப்போதும் நம்ப முடியவில்லை. சவள் மணலில் விழுந்தது. போத்தல் விழுந்தது. அப்போதுதான் ஒருவன் வாயில் குத்தின கை, அப்படியே அவனவன் நெற்றிக்குப் போனது. கையில் ஆயுதத்தை வைத்துக்கொண்டு சிலுவை போட ஏலாது, அதுதான் விசயம். பிறந்த நாளிலிருந்து பழகின கை, வெறியிலும் மறக்கவில்லை. பாட்டு முடிய, என்னத்துக்குச் சண்டை பிடித்தோம் என்று தெரியாதவர்கள்போல எல்லோரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதற்குப் பிறகு அது எங்களுக்குக் கைகண்ட மருந்து. பெருநாள் நடத்துகிறவர்கள் கிறகரியிடம் பாட்டுக்குழுவைக் கேட்பதில்லை, "அந்தப் பிள்ளை வருமோ?" என்றுதான் கேட்டார்கள். 'ஆமா' என்று சொன்னதற்குச் சிரித்த பெட்டைகளே தங்கள் கலியாணத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அவளுக்குள் ஒரு பெருமை வந்தது. வரட்டுமே. அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன இருந்தது?

மில்ரன் இருந்தான், அதைச் சொல்லவேண்டும். அவள் கட்டினவன். கடலுக்குப் போகிறவன், மலை மாதிரி உடம்பு, பேச்சு மட்டும் பூனைக்குட்டி மாதிரி. எங்கள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் வருவான். ஸ்பீக்கர் பொக்ஸ் தூக்குவான், வயர் இழுப்பான், பிறகு தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு ஜெனிற்றாவுக்கு நேர் கீழே, மேடையின் காலடியில் நிற்பான். வருகிற கல்லையும் தடியையும் கையால் மறிப்பான். வலை இழுத்து இழுத்து மரத்துப்போன கை. ஒருநாள் ஒரு முழுக் கதிரையையே ஒற்றைக் கையால் தடுத்தான்.

அவனுக்கும் அந்தப் பாட்டுக்கும் உள்ள கூத்தை என் கால்தான் அறியும். ஒரு முறை நானும் அவனும் பெரிய பொக்ஸ் ஒன்றை லொறியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தோம். ஜெனிற்றா மைக்கைச் சரிபார்ப்பதற்கு மாதா பாட்டில் ஒரு வரியை எடுத்தாள். இவன் தன் பக்கத்தைப் பொத்தென்று விட்டுவிட்டுச் சிலுவை போடுகிறான்! பொக்ஸ் என் பாதத்தில்.

"பிலிப்பண்ணை, நொந்திட்டுதோ? மாதா பாட்டெல்லோ..." என்றான்.

"மாதாவுக்குக் கையைக் குடுத்திட்டாய், சரி. என்ர காலுக்கு ஆர் பொறுப்பு?" என்று கத்தினேன்.

ஜெனிற்றா மேடையில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். "அவர் அப்பிடித்தான் அண்ணை. சோறு தின்னேக்க பாடினாலும் கோப்பையை வச்சிட்டுத்தான் மற்ற வேலை" என்றாள். எனக்கு நகம் போனது. இன்றைக்கு அந்த விரலைப் பார்த்தாலே அழுகை வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கேயும் எங்களுக்குச் சொந்தபந்தம் இருக்கிறது, எங்கள் ஊர்க்காரர் மட்டும் என்ன திறமோ? ஆட்டம் முடிந்ததும் வென்ற அணிக்காக நாங்கள் லொறியில் நின்று வாசிக்கவேண்டும். பொக்ஸ்களை ஏற்றும்போதே மில்ரன் முகம் சரியில்லை.

"இண்டைக்கு விடுவம் ஜெனிற்றா. அந்த ரெண்டு ஊருக்கும் போன கிழமையே கொழுவல்."

"எனக்கென்ன பயம்? பாட்டிருக்கு. நீங்கள் இருக்கிறியள்" என்றாள் அவள்.

அவன் சிரித்துவிட்டு அடுத்த பொக்ஸைத் தூக்கினான்.

ஆட்டம் பெனால்டிவரை போனது. சொந்த மைதானத்திலேயே அந்த ஊர் தோற்றது. வென்றவர்கள் சேர்ட்டைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு லொறிக்கு முன்னால் ஆட வந்தார்கள். கிறகரி பைலாவைத் தொடங்கினான். தோற்ற ஊர்ப் பொடியள் பொறுப்பார்களா? கல் வந்தது. பிறகு ஆட்களே வந்தார்கள். ஜெயகாந்த் என்று ஒரு பொடியன், பத்தொன்பது வயது, மைக்கைப் பறிக்க லொறியில் தொற்றி ஏறினான். மில்ரன் அவன் இடுப்பைப் பிடித்து, பிள்ளையைத் தூக்கி இறக்குவதுபோலக் கீழே விட்டான். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் வினையாய்ப் போனது. அவன் ஓடிப்போய் மைதானத்து மூலைக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். கொடி கட்டியிருந்தது இரும்புக் குழாயில்.

குழாய் மில்ரனை நோக்கி வருவதை ஜெனிற்றா மேலேயிருந்து கண்டாள். பைலா ஓடிக்கொண்டிருக்க, அதை வெட்டிக்கொண்டு மாதா பாட்டைத் தொடங்கினாள். அப்படி ஒரு குரலில் அவள் ஒருநாளும் பாடினதில்லை. தன் மனிதனைக் காப்பாற்றப் பாடின பாட்டு அது. கண்ணை மூடிக்கொண்டாள், அது அவள் வழக்கம். எனக்கும் மில்ரனுக்கும் நடுவில் பொக்ஸ் அடுக்கு நின்றது. நான் கண்டதெல்லாம் மைதானம் முழுக்க உயர்ந்த கைகள், நெற்றிக்குப் போன கைகள். சண்டை நின்றது. சத்தியமாக நின்றது.

அவள் ஒரு அடி பாடி முடித்துக் கண்ணைத் திறந்தாள். கீழே மில்ரன் கிடந்தான்.

மன்னாருக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவன் தலை அவள் மடியில் இருந்தது, துவாய் முழுக்க இரத்தம்.

செத்த வீட்டில் ஆளுக்கொரு கதை. மாதா பாட்டோடு போனவன், நேரே மோட்சம்தான் என்று ஒரு கிழவன் ஆறுதல் சொன்னான். எனக்கு அவன் கழுத்தைப் பிடிக்கவேண்டும்போல இருந்தது. ஜெனிற்றா அழவில்லை. ஒரே ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "அவனுக்கு மாதாவில பயமில்லை. எல்லாரும் நிண்டவங்கள், அவன் மட்டும் நிக்கேல்லை." பொடியனைப் பொலிஸ் பிடித்து மறியலில் அடைத்து வைத்திருந்தது. அவன்மேல் இருந்த கோபம்தான் அவளை எழுப்பிச் சாப்பிட வைத்தது, மகள் ஜெனிஸ்ராவுக்குத் தலை இழுத்துவிட வைத்தது. அந்தக் கோபம் அவளுக்கு இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அதையும் பறித்தது ஒரு போன். ஆட்டத்தைப் போனில் எடுத்துக்கொண்டிருந்த யாரோ, சண்டையையும் எடுத்திருந்தான். ஊர் உலகமெல்லாம் பார்த்துவிட்டது, ஜெனிற்றா மட்டும் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் அவளிடம் வாய் திறக்கவில்லை. நானும் அதைத் திறந்து பார்க்கத் துணியவில்லை. வழக்கு எடுக்கும் நேரத்தில் சட்டத்தரணி அவளைக் கூப்பிட்டார். துணைக்கு நான் போனேன். மேசையில் கணினியைத் திருப்பி வைத்து ஓடவிட்டார்.

மில்ரன் நிற்கிறான். குழாய் ஓங்குகிறது. அவன் வலது கை மேலே இருக்கிறது, தலைக்கு மேலே, கதிரையைத் தடுத்த அதே கை. பாட்டுத் தொடங்குகிறது. மில்ரன் கையை இறக்குகிறான். நெற்றியைத் தொடுகிறான். கை நெஞ்சுக்கு வந்துகொண்டிருக்கும்போது குழாய் விழுகிறது. அதற்குப் பிறகும் ஒன்று இருந்தது. ஜெயகாந்த் குழாயைக் கீழே போடுகிறான், அவன் கையும் நெற்றிக்குப் போகிறது. பாதியில்தான் கீழே பார்க்கிறான். அந்தப் பொடியனும் பாட்டுக்கு நின்றிருக்கிறான். ஓங்கின கை மட்டும் முந்திவிட்டது.

"இன்னொருக்காப் போடுங்கோ" என்றாள் ஜெனிற்றா.

போட்டார்.

"கை மேலதான் இருந்தது, என்னண்ணை?"

நான் ஓம் என்றேன்.

"நான் பாடாட்டி அந்தக் கை இறங்கியிராது."

சட்டத்தரணி கண்ணாடியைத் துடைத்தபடி, இந்தக் காட்சி எங்கள் பக்கத்துக்கு மிகவும் நல்லது, இறந்தவர் யாரையும் தாக்கவில்லை, ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார் என்று காட்டலாம் என்றார். அவர் தன் தொழிலைச் செய்தார், குறை சொல்ல முடியாது. ஜெனிற்றா எழும்பி வெளியே போய், படிக்கட்டில் இருந்து, அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதாள். வாயைத் துவாயால் பொத்திக்கொண்டு அழுதாள். தன் குரல் தனக்கே கேட்கக்கூடாது என்பதுபோல.

அதற்குப் பிறகு அவளால் அரிப்பில் இருக்க முடியவில்லை. விடியப்புறம் விடியப்புறம் ஒலிபெருக்கி அந்தப் பாட்டைத்தானே போடும்? யன்னலை அடைத்தாலும் வரும், தலையணையால் காதை மூடினாலும் வரும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அடம்பனில் தாயின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே வயலும் மாடும் பஸ் சத்தமும்தான், கடலும் இல்லை, கடற்கரைக் கோயிலும் இல்லை. நான் ஒருமுறை பார்க்கப் போனபோது, தேத்தண்ணி தந்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தாள். நல்லாய்த்தான் கதைத்தாள். பாட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை. கிறகரி குழுவைக் கலைத்துவிட்டான், டிரம்ஸ் அவன் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.

மில்ரனின் ஆண்டுத் திருப்பலிக்கு அவள் வந்தாள். வராமல் இருக்க முடியுமா? நானும் கிறகரியும் அவளுக்குப் பின் வரிசை வாங்கில் இருந்தோம். பூசை முடியும் நேரம். சுவாமி இடம் மாறி வந்த புதியவர், நல்ல மனிதர். மில்ரனுக்குப் பிடித்த பாட்டு எது என்று யாரிடமோ விசாரித்திருக்கிறார். யாரோ அன்போடு சொல்லியும் இருக்கிறார்கள். பாடகர் குழு மாதா பாட்டைத் தொடங்கியது.

கோயில் முழுக்கக் கைகள் நெற்றிக்குப் போயின. என் கையும் போனது, அதை நான் கேட்டா போகிறது? ஜெனிற்றாவுக்குப் பக்கத்தில் நின்ற ஜெனிஸ்ராவும், தகப்பன் பழக்கின மாதிரி, கையிலிருந்த மெழுகுதிரியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தொட்டாள். அந்தச் சின்னக் கை நெஞ்சுக்கு இறங்கும்போது ஜெனிற்றா பாய்ந்து பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"இறக்காதை பிள்ளை! கையை இறக்காதை!"

கோயில் கூரையில் அடித்துத் திரும்பியது அந்தக் குரல். அவள் குரல் அப்படி எழும்பி ஒரு வருசமாகியிருந்தது. பாடகர் குழு ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை நோக, தாயின் முகத்தைப் பார்த்து மெல்லச் சொன்னது: "விடுங்கோம்மா. நான் நெத்தியில மட்டும்தான் போட்டனான், நெஞ்சில இன்னும் போடேல்லை."

ஜெனிற்றா விடவில்லை.