தாழ்ப்பாள் அந்தப் பக்கம்

அந்த வீட்டில் அக்காவின் அறைக்கு மூன்று கதவுகள். ஒன்றுக்குக்கூட அவள் பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. இந்த அநியாயம் எப்படி நடந்தது என்று கேட்டால் வீட்டின் வரலாற்றையே சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல வயிறு எரியும்.

அப்பா கட்டியபோது முன்னால் ஒரு கூடம், பின்னால் ஓர் அறை, அவ்வளவுதான். மூத்த மகள் என்று பின்னறையை அக்காவுக்குக் கொடுத்தார். கொல்லையைப் பார்த்த பெரிய ஜன்னல், கனமான மரக்கதவு. கொல்லைப்பக்கமாகத் திருடன் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, கதவின் தாழ்ப்பாளைக் கூடத்துப் பக்கம் வைத்தார். வருகிற திருடன் மகளோடு நின்றுவிடுவான் என்பது அவர் கணக்கு போலிருக்கிறது.

பெரிய தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் பக்கச் சுவரை உடைத்துக் கதவு வைத்து, அந்தப் பக்கம் அவனுக்கு ஓர் அறை இழுத்தார்கள். சின்னத் தம்பிக்கு ஆனபோது ஜன்னலும் போய், அங்கே ஒரு கதவு வந்தது. அதற்கப்பால் அவன் அறை. வீட்டை ஒட்டிய சந்தில் சுற்றினாலும் இரண்டு அறைக்கும் போகலாம். ஆனால் யார் சுற்றுவார்கள்? புதுசாகக் கல்யாணமானவர்கள் தாழ்ப்பாளைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டதில் தப்பில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால், அதுதான் இல்லை.

'அக்கா ரூம்' என்பது 'நடு ரூம்' ஆகி, கடைசியில் வெறும் 'வழி' ஆனது. குடை எங்கே என்று கேட்டால் வழியில் மாட்டியிருக்கிறது என்பார்கள். அவள் கட்டிலுக்கு மேலே தொங்கும். உடை மாற்றக்கூட அவள் குளியலறைக்கு ஓட வேண்டும்.

தையல் கடையில் அவள்தான் கட்டிங். மேஜையில் அவள் துணி விரித்திருந்தால் முதலாளிகூட கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். வீட்டில் கதவைத் தட்ட ஓர் ஆள் கிடையாது.

அப்பா போன பிறகு தம்பிகள் வீட்டைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். இன்ஜினியர் வரைந்த படத்தைக் கூடத்தில் விரித்தார்கள். பக்கவாட்டுப் பகுதி பெரியவனுக்கு, பின்பகுதி சின்னவனுக்கு. அவள் கட்டில் கிடக்கும் இடத்தில் 'பொது வழி' என்று எழுதியிருந்தது. இன்ஜினியரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? இவர்கள் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறார்.

"அப்ப நான் எங்க படுக்கிறது?"

சின்னவன் சிரித்தான். "ரெண்டு வீடும் உன் வீடுதானேக்கா. எங்க வேணும்னாலும் படுத்துக்கோ."

அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. நாய்க்குட்டிக்குக்கூட ஒரு மூலையைக் காட்டி இதுதான் உன் இடம் என்பார்கள். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் கடைக்கு லீவு போட்டாள். தம்பிகள் வேலைக்குக் கிளம்பியதும் தச்சரைக் கூட்டிவந்து, மூன்று கதவுக்கும் தன் பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் அடிக்கச் சொன்னாள். இவ்வளவு பெரியது எதற்கு என்று கேட்ட தச்சரிடம், இதைவிடப் பெரியது இருந்தால் அதையே போடும்படி சொன்னாள். தம்பி மனைவிகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் கூடத்துக் கதவை யாரோ தள்ளினார்கள். திறக்கவில்லை. மறுபடி தள்ளினார்கள். அப்புறம், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, தட்டினார்கள்.

"யாரு?"

"நான்தான்க்கா, சின்னவன். கொஞ்சம் வழி விடு."

"இது வழி இல்ல. என் ரூம். சந்துல சுத்திப் போ."

 வெளியே, கழற்றிப் போட்ட செருப்பை அவன் மறுபடி மாட்டிக்கொள்வது கேட்டது.