விதைநெல் மூட்டையில் பாய்ச்சல் பயிற்சி

என் மாமாவை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். உம்மாவின் தம்பி அவர். கத்தாரில் பல வருடம் கிடந்துவிட்டு வந்து, கலியாணமும் முடிக்காமல், கல்முனையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தார். என்ன வேலை என்று கேட்டால் கரப்பந்து என்பார். பாடசாலைக் கரப்பந்துக் குழுவுக்கு ஆள் தெரிவு செய்யப்போகிறார்கள் என்று நான் வாய்தவறிச் சொன்ன நாளோடு என் நிம்மதி போயிற்று.

"நீ கட்டை. வலைக்கு மேலால அடிக்கக் கட்டையனுக்குப் பாய்ச்சல்தான்டா கைகுடுக்கும்" என்றார். போனில் ஒரு வீடியோ வைத்திருந்தார். அதில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மரப்பெட்டியிலிருந்து கீழே குதித்து, கால் நிலத்தில் பட்டதும் படாததுமாக மறுபடி எம்பிப் பாய்ந்தார்கள். அந்தப் பட்டதும் படாததும்தான் முழுச் சூட்சுமமும் என்று மாமா கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகு மனிதர் தூங்க விடுவாரா? விடியற்காலைச் சுபஹு தொழுகை முடிந்த கையோடு என்னை எழுப்பி வீட்டு வளவுக்குள் இறக்குவார். கயிற்றுக்கு மேலால் பாய், மதிலில் போட்ட கோட்டைத் தொடு, ஒற்றைக் காலில் பாய். பாடசாலைப் படியைக் கம்பியைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏறினேன். ஒரு நாளாவது ஓய்வு வேண்டும் என்று கெஞ்சினால், வீடியோவில் அப்படிச் சொல்லவில்லை என்பார். வீடியோ இங்கிலீஸில் ஓடியது. மாமாவின் இங்கிலீஸைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

அது விதைப்புக் காலம். நற்பிட்டிமுனைப் பக்கம் எங்களுக்கு வயல் இருந்தது. வாப்பா அதை உழுது மட்டம் அடித்து முடித்து, விதைநெல்லை ஊறப்போட்டு, தண்ணீரை வடித்துச் சாக்குகளில் கட்டிப் பின்பக்கத் தாழ்வாரத்தில் முளைக்க வைத்திருந்தார். மேலே ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது. மறுநாள் விதைத்தே ஆகவேண்டும். தவறினால் அடித்த சேறு இறுகிவிடும், அயல் வயல்களெல்லாம் முந்திவிடும். அந்த நாட்களில் வாப்பாவுக்கு வேறு நினைப்பே கிடையாது. உழவு மெஷின்காரனிலிருந்து கறிக்கு உப்புக் கூட்டிய உம்மாவரை எல்லோருக்கும் ஏச்சு விழும்.

அன்றைக்குப் பார்த்து, சீமெந்து நிலத்தில் குதித்தால் முழங்கால் போய்விடும் என்று மாமாவுக்கு ஞானம் பிறந்தது. மெத்தென்ற இடம் வேண்டுமாம். கடற்கரைக்குப் போவோம் என்றேன். மணல் காலை இழுக்குமாம். கண் தாழ்வாரத்துப் பக்கம் போயிற்று. காய்ந்த நெல் மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றினார், அது பெட்டி. ஈர மூட்டைகளை இழுத்து அதன் முன்னால் பரப்பினார், அது மெத்தை. மணல் இழுக்குமாம், நெல் இழுக்காதாம்!

"மாமா, இது வாப்பாட விதநெல்லு" என்றேன்.

"நெல்லுக்கு என்னடா வரப்போகுது? சாக்குக்குள்ளதானே கிடக்கு. நீ பாய்."

வயற்காரக் குடும்பத்தில் பிறந்த மனிதர் பேசுகிற கதையா இது? பாய்ந்தேன். காலுக்குக் கீழே மூட்டை கதகதவென்று சூடாக இருந்தது. வாப்பா வயலுக்குப் போயிருந்தார், உம்மா அடுப்படியில் இருந்தா. தடுக்க ஆளில்லாததால் மாமா களைக்கும்வரை நான் பாய்ந்தேன். அவரோ பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தார், களைக்குமா?

பின்னேரம் வாப்பா வந்து ஒரு மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டார். அள்ளிய நெல்லில் வெள்ளை வெள்ளையாக முளைகள் ஒடிந்து தனியே கிடந்தன. அடுத்ததையும் அவிழ்த்தார். அதற்கும் அதே கதிதான்.

"ஆர்ரா இதில ஏறிப் பாஞ்ச?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா முன்னால் வந்தார். "நான்தான் மச்சான் பாயச் சொன்னன்."

வாப்பாவின் வாய் திறந்தது. இப்போது வெடிக்கப்போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். "சரி மச்சான், நடந்தது நடந்துட்டு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அப்படியே என் பக்கம் திரும்பி, மிச்சம் வைத்திருந்த அத்தனையையும் என் தலையில் கொட்டினார். மாடு, எருமை, சோத்துக்குக் கேடு என்று ஒன்றும் பாக்கியில்லை. பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சொறிக்கல்முனைக்குப் போனார். அங்கே விதைக்க வைத்திருந்த ஒரு கூட்டாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, முளைத்த நெல்லை வாங்கிக்கொண்டு இருட்டும் நேரத்தில் வந்து சேர்ந்தார். வயல் தப்பியது. அப்போதும் மாமாவிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

நான் உம்மாவிடம் போய் அழுதேன். செய்யச் சொன்னது அவர், ஏச்சு மட்டும் எனக்கா?

"வாப்பா மாமாவ ஏசமாட்டார் மகன்" என்றா உம்மா. ஏன் என்று கேட்டதற்கு, போய்ச் சோற்றைத் தின்னச் சொன்னா.

எங்கள் ஊரில் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் அவள் பேரில் வீடு கட்டிக் கொடுக்கவேண்டும். அவளுக்கு வீடு எழும்பும்வரை கூடப்பிறந்த ஆண்பிள்ளைகளுக்கு வேறு வாழ்க்கை கிடையாது. மாமா மாவட்டக் குழுவுக்குத் தெரிவான வருடம்தான் உம்மாவுக்குக் கலியாணம் பேசி வந்ததாம். அவர் பந்தை விட்டுவிட்டுக் கத்தாருக்குப் போய்க் கட்டடங்களில் சுமை தூக்கினார். நாங்கள் படுத்து எழும்பிய வீடு அதில் எழும்பியதுதான். அந்த வயலில் தனக்கு வரவேண்டிய பங்கையும் உம்மாவின் பேருக்கே எழுதிக் கொடுத்திருந்தார். வாப்பா அந்த வீட்டுக்குள் மாப்பிள்ளையாக வந்தவர். நாலு மூட்டை நெல்லுக்காக அவர் எப்படி மாமாவிடம் குரலை உயர்த்துவார்?

இதெல்லாம் பெரியவனான பிறகு எனக்குத் தெரியவந்தவை. அன்றைக்கு, வாப்பாவுக்கு மாமாவைக் கண்டால் பயம் என்று முடிவுகட்டிக்கொண்டு, இரண்டு பேரோடும் இனிக் கதைப்பதில்லை என்று போய்ப் படுத்துவிட்டேன்.