ஆளை ஏற்றாமல் போன வேன்

அந்துவான் இறந்த செய்தியைப் போனில் சொன்னவர் வரிச்சிக்குடி செல்வமணி அக்கா. அவருக்குப் பின்னால் யாரோ அவன் பாட்டை ஓடவிட்டிருந்தார்கள். செத்தும் முந்திக்கொண்டான் என்றுதான் முதலில் தோன்றியது. அவனை அறிந்தவர்கள் கோபப்படலாம். பொய் சொல்லி அஞ்சலி எழுத எனக்கு வராது.

ஒரே மெல்லிசைக் குழுவுக்கு இருவரும் பாட்டு எழுதினோம். எங்களுடையது பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். அந்துவானின் அண்ணன்கள் பாரிசில் இருக்க, அவன் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு இங்கேயே கிடந்தான். எனக்குப் போக இடமே இல்லை. அவன் எழுதியதெல்லாம் காதல் பாட்டு. ஆனால் பெண்ணை நிலவு என்று ஒருமுறைகூட எழுதியதில்லை. "நெலாவ எவன் தொட்டான்? தொட்டதச் சொல்லு" என்பான்.

இறால் கம்பெனியைச் சொல்லாமல் பூட்டிவிட்டு முதலாளி நழுவியபோது, வேலையிழந்த பெண்களுக்காக நான் ஒரு பாட்டு எழுதினேன். பூட்டு, பசி, முதலாளியின் கார், எல்லாம் உள்ளது உள்ளபடி. ஆர்ப்பாட்டத்தில் பாடினேன். மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துக் குடித்தார்கள். பிறகு அவர்களில் ஒருவரான செல்வமணி அக்கா அந்துவானின் பாட்டை எடுத்தார். கைவிட்டுப் போன காதலனைக் கம்பெனி வேனுக்கு ஒப்பிடும் பாட்டு அது.

ஆரன் அடிச்சு எழுப்பிவிட்டு
ஆள ஏத்தாமப் போன வேனே

விடியலில் அந்த வேனுக்காகச் சாலையோரம் நின்றவர்கள் அவர்கள். அத்தனை பேரும் பாடினார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் லத்தியால் தாளம் போட்டார். நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன்.

அவர்கள் வயிற்றெரிச்சலைக் காதலுக்கு ஜோடனை ஆக்கிவிட்டாய் என்று அன்று அவனைத் திட்டினேன்.

"பசிக்குதுன்னு அவங்ககிட்டயே போயி சொல்றியே மாப்ள, அவங்களுக்குத் தெரியாதா?"

இந்தப் பதிலை இன்றும் நான் ஏற்கவில்லை. வேன் ஏன் ஏற்றாமல் போனது என்பது அவன் பாட்டில் இல்லை. முதலாளி அதில் இல்லவே இல்லை. ஆனால் முதலாளி வீட்டு வாசலில் அந்தப் பெண்கள் பாடியது அதைத்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள், அவனைப் பற்றி ஒரு பாட்டுக் கேட்டு அக்கா வந்தார். எழுதி வாசித்தேன். ஊர், வயது, நெஞ்சுவலி, தனித்துப்போன மனைவி. பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதாங்க தம்பி. அந்தத் தம்பி எது மாதிரி இருந்துச்சுன்னு சொல்லலியே."

அவனாக இருந்தால் டீ ஆறுவதற்குள் சொல்லியிருப்பான். நான் இன்னும் அவனுக்கு ஓர் உவமை தேடுகிறேன். எழுப்பிவிட்டு ஏற்றாமல் போன அந்த வேன்தான் வருகிறது. அதுவும் அவனுடையது. அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்: நான் எழுதியிருக்க வேண்டிய ஒரு வரி.