தெய்வா அண்ணன் கையெழுத்து

தராசில் மூட்டை ஏறி உட்கார்ந்ததும் வெங்கடாசலம் எடையைப் பார்க்க மாட்டார். லுங்கி மடிப்பில் முதுகுப்பக்கமாகச் செருகியிருக்கும் இரண்டு குச்சிகளை உருவுவார். மூட்டையின் தலையில் நாலு அடி, விலாவில் இரண்டு அடி, கடைசியாக அங்கே இல்லாத ஒரு சிம்பல் தட்டை நோக்கிக் காற்றில் ஓங்கி ஒரு அடி. அதற்கப்புறம்தான் எண்ணைப் பார்த்துச் சொல்லுவார். லாரி டிரைவர் அதற்குள் ஒரு பீடியைக் குடித்து முடித்திருப்பார்.

உப்பு மூட்டையில் அடித்தால் சத்தம் வராது. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் 'பொத்' என்று அடங்கிவிடும். அதனால் சத்தம் முழுவதையும் வெங்கடாசலம் வாயால் போடுவார். "தொம், டக்கு, தொம் தொம், டக்கு, டிஷ்ஷ்ஷ்!" அந்த டிஷ் வருகிற நேரம் பார்த்து எதிரில் நிற்பவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்துகொள்வார்கள். பழகாத ஆட்கள் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மரக்காணம் உப்பளத்தில் அவர் எடை மேஸ்திரி. வயது நாற்பத்தாறு. மூட்டை, மேசை, லாரி பானெட், சாப்பாட்டுத் தட்டு, கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரின் முழங்கால் என்று எல்லாவற்றிலும் வாசித்திருக்கிறார். உண்மையான ட்ரம்ஸ் முன்னால் மட்டும் போன வருடம் வரை ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கேட்டால், "உக்காந்தாத்தானா? நமக்கு உள்ள ஓடிக்கினே இருக்குதுங்க" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். அந்தத் தட்டலும் தாளத்தோடுதான் இருக்கும்.

இடது புருவத்துக்கு மேலே அவருக்கு ஒரு தழும்பு உண்டு. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சரி, மழை, ரேஷன் அரிசி, எலெக்‌ஷன், கடைசியில் அந்தத் தழும்பில் வந்துதான் நிற்கும். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கீழ்புத்துப்பட்டுக் கோயில் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு இன்னிசைக் குழு வந்தது. அதில் ட்ரம்ஸ் வாசித்தவர் தெய்வசிகாமணி. மேடையில் 'ட்ரம்ஸ் தெய்வா' என்றால்தான் கை தட்டுவார்கள். தனியாக அவர் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த குச்சி ஒன்று வழுக்கிப் பறந்து வந்து முன்வரிசையில் வாயைப் பிளந்து நின்ற வெங்கடாசலத்தின் நெற்றியைப் பிளந்தது. மூன்று தையல். மேடையில் இருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பையிலிருந்து இன்னொரு குச்சியை எடுத்துத் தொடர்ந்து வாசித்தார்.

"அவ்ளோ கூட்டத்துல அண்ணன் என்னைத்தானங்க செலக்ட் பண்ணாரு!" என்பார் வெங்கடாசலம். இடுப்பில் இருக்கும் குச்சிகளில் ஒன்று அந்தக் குச்சி. மற்றது ஜோடி சேர்க்கக் கடையில் வாங்கியது, ஒரு விரற்கடை குட்டை. குளிக்கும்போது மட்டும்தான் இரண்டும் இடுப்பை விட்டு இறங்கும்.

இப்படிப்பட்ட மனிதர் கண்ணில், தெய்வா பெயரில் ஒரு கம்பெனி ட்ரம்ஸ் செட் போட்ட விளம்பரம் பட்டால் என்ன ஆகும்? அடர்த்தியான சிவப்பு நிறம். முன்னால் நிற்கும் பெரிய ட்ரம்மின் வெள்ளைத் தோலில் தங்க எழுத்தில் தெய்வாவின் கையெழுத்து. வெங்கடாசலம் அந்தப் படத்தை வெட்டி லேமினேட் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாலு வருடம் வைத்திருந்தார். அதில் எத்தனை திருகு இருக்கிறது, எந்த மரம், என்ன பெயின்ட் என்று லாரி டிரைவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தார். தன் ஆதார் நம்பரைக் கேட்டால் விழிப்பார்; அந்த செட்டின் மாடல் நம்பரைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவார்.

வகுப்பு எடுப்பதில் அவருக்கு இன்னொரு பாடமும் உண்டு. துரு. உப்பளத்துக்குப் புதிதாக வரும் எவரும் அதிலிருந்து தப்ப முடியாது. "இங்க இரும்புக்கு வேலையே கெடையாதுங்க. மரம், பிளாஸ்டிக்கு, மனுசன், இந்த மூணுதான் நிக்கும். உப்பு தூங்காதுங்க. நாம சோறு துன்றப்பகூட அது இரும்பத் துன்னுக்கினு இருக்கும்." தன் சைக்கிளைத் தினமும் நல்ல தண்ணீரில் கழுவுவார். யாராவது இரும்பு மண்வெட்டியைக் கொட்டகை ஓரம் சாய்த்துவிட்டால் அவர்கள் தலைமுறையையே இழுத்துத் திட்டுவார்.

போன வருடம் பொம்மையார்பாளையத்திலிருந்து சேதி வந்தது. ஃபாரிஸ் என்கிற இளைஞன் கத்தாருக்கு வேலைக்குப் போகிறான், அந்த மாடல் செட் அவனிடம் இருக்கிறது, விற்றுவிடப் பார்க்கிறான். வீட்டுக்குப் பின்னால் பாத்ரூம் கட்டுவதற்காகச் சீட்டு எடுத்த பணம் பெட்டியில் இருந்தது. செங்கல்கூட வந்து இறங்கிவிட்டது. வெங்கடாசலம் குட்டியானை வண்டி பிடித்துக்கொண்டு கிளம்பியபோது அவர் மனைவி அமராவதியும் புடவையை உதறிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"நீ எதுக்கு?"

"என் பாத்ரூம் எப்டி இருக்குதுன்னு பாத்துட்டு வர்றேன்."

அமராவதி உப்பளத்தில் கூலி வேலை. தை மாதம் பிறந்ததும் பாத்தி மிதிப்பது அவருக்குப் பதினாலு வயதிலிருந்து பழக்கம். ஈர மண்ணைக் காலால் மிதித்து மிதித்துத் தரை போல இறுக்கினால்தான் அதில் உப்பு விளையும். பத்துப் பெண்கள் வரிசையாக நின்று ஒரே அளவாக மிதிக்க வேண்டும். ஒருத்தி தப்பினால் பக்கத்துக்காரியின் விரல் நசுங்கும்.

ஃபாரிஸ் மாடி அறையில் செட்டைத் துடைத்து வைத்திருந்தான். வெங்கடாசலம் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சாமியைப் பார்த்தது போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பையன் கொஞ்சம் பயந்துபோனான்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. வாசிக்கிறவங்க கையிலதான் குடுப்பேன். சும்மா வூட்ல அழகுக்கு வெக்கறதுக்குக் கேட்டு மூணு பேரு வந்தாங்க, அனுப்பிச்சிட்டேன். கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க."

வெங்கடாசலம் உட்கார்ந்தார். தெய்வா அண்ணன் குச்சி மேலே எழுந்தது. கை என்னமோ நன்றாகத்தான் போயிற்று, பொய் சொல்லக் கூடாது. ஆனால் பெரிய ட்ரம்மை வாசிப்பது கால். கீழே இருக்கும் பெடலை மிதித்தால்தான் 'தொம்' வரும். அந்தக் கால், பெடலுக்குப் பக்கத்தில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆள் மாதிரி சும்மா இருந்தது. தொம் வர வேண்டிய இடத்தில் எல்லாம் வெங்கடாசலத்தின் வாய் "தொம்" என்றது.

ஃபாரிஸ் வாயைப் பார்த்தான். காலைப் பார்த்தான். "அண்ணே, காலு?"

"காலு இருக்குதேப்பா."

"இல்லண்ணே, மிதிக்கணும்."

மிதித்தார். மிதித்ததும் கை நின்றுவிட்டது. கையை எடுத்தால் கால் தூங்கிற்று. காலை எழுப்பினால் கை கோபித்துக்கொண்டது. வியர்வை புருவத் தழும்பு வழியாக வழிந்தது. "உப்பளத்துல நின்னு நின்னு காலு வெடிச்சிருக்குதுப்பா" என்றார். "பெடலு கொஞ்சம் டைட்டு" என்றார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டே, "மன்னிச்சுக்கோங்கண்ணே..." என்று ஆரம்பித்துவிட்டான். வெங்கடாசலத்தின் முகம் போன போக்கைப் பார்த்தால் எவருக்கும் மனசு கேட்காது. நாலு வருடமாகச் சட்டைப்பையில் சுமந்தது இரண்டடி தூரத்தில் நின்று கைவிட்டுப் போகிறது.

அமராவதி எழுந்து வந்தார். "நவுருய்யா. இத மிதிக்கணும், அவ்ளோதான?"

ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றபடி வலது காலைப் பெடலில் வைத்தார். தொம் எங்கெங்கே விழ வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது வருடமாகச் சோற்றோடும் குழம்போடும் அந்த வாயிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பதுதானே. "தட்டுய்யா" என்றார். வெங்கடாசலத்தின் கை தட்டியது, அமராவதியின் கால் மிதித்தது. ஒரு பிசிறு இல்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெங்கடாசலத்தின் வாய்க்கு வேலை இல்லாமல் போனதால் அது பாட்டுக்குத் திறந்தே கிடந்தது. அமராவதிக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்தச் சொன்ன பிறகும் நாலு மிதி மிதித்துவிட்டுத்தான் காலை எடுத்தார்.

ஃபாரிஸ் கைதட்டினான். "எடுத்துக்கோங்கண்ணே. அக்காவ வுட்றாதீங்க, சூப்பரா மிதிக்கிறாங்க."

திரும்பும்போது வெங்கடாசலம் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் பேசினார். "ஒரே ஒரு தட்டு தட்டுனேம்பா, பையன் ஆடிப்போயிட்டான்." பெரிய ட்ரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த கால்காரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் உப்பளத்தில் கதை இன்னும் வளர்ந்தது. அதில் பையன் அவர் காலில் விழுந்தான்.

வீட்டில் செட்டை ஒன்றுசேர்த்துப் பூட்டும்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். அடிக்க அடிக்கப் பெரிய ட்ரம் தரையில் முன்னால் நகர்ந்து போகும், உள்ளே கனமாக ஏதாவது வைக்க வேண்டும் என்று போனில் எவரோ சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்களுக்குக் கனம் என்றால் கல் ஞாபகம் வரும், செங்கல் ஞாபகம் வரும். செங்கல் கொல்லையிலேயே கிடந்தது. வெங்கடாசலத்துக்குக் கனம் என்றால் உப்பு. நல்ல கல் உப்பாகப் பார்த்து ஒரு சின்ன சாக்கில் கட்டி உள்ளே வைத்தார். கையெழுத்துத் தோலைப் பொருத்தினார். இரும்புத் திருகுகளை ஒன்று விடாமல் இறுக்கினார். ஊருக்கெல்லாம் துரு வகுப்பு எடுத்த வாத்தியார்!

அதற்குமேல் உப்பு அம்பாரத்தை மூடுகிற நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடினார். வாசிக்கவில்லை. கேட்டால், "நல்ல நாளு பாத்து வாசிக்கணும்" என்றார். தினமும் சாயங்காலம் தார்ப்பாயை விலக்கித் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைப்பார், படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார், மூடுவார். தாளம் எல்லாம் பழையபடி மூட்டையில்தான்.

அமராவதி மூன்று முறை கேட்டார். "ஒரு வாட்டி மிதிச்சுப் பாக்கறேனே."

"கால வெக்கற பொருளா அது? அண்ணன் பேரு எழுதியிருக்குது."

"அன்னிக்கு வெச்சேனே."

"அன்னிக்கு அது அவன் பொருளு."

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்தியெல்லாம் வெள்ளம், வேலை நின்றது. கடற்காற்றில் ட்ரம்முக்குள் இருந்த உப்பு வியர்க்க ஆரம்பித்தது. திருகுகளிலிருந்து பழுப்பு நிறத்தில் கோடு கோடாக வழிந்து தங்கக் கையெழுத்தின் மேலே இறங்கிற்று. கூரை ஒழுகுகிறது என்று வெங்கடாசலம் இரண்டு தார்ப்பாய் போட்டார்.

உள்ளூர் இசைக்குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கும் சகாயராஜ் ஒரு கல்யாணத்துக்கு செட்டை இரவல் கேட்டு வந்தவர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"அண்ணே, உள்ள இன்னா வெச்சிருக்கீங்க?"

"வெயிட்டுக்கு. உப்பு."

"உப்பா! நீங்களாண்ணே?" சகாயராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். திருகைத் திருப்பிப் பார்த்தார், அசையவில்லை. "தோல அறுத்தாவது மூட்டைய வெளிய எடுங்க. மிச்சமாவது பொழைக்கும். வேற தோலு வாங்கிக்கலாம்."

"அண்ணன் கையெழுத்த அறுக்கறதா? டேய், நீ கிறிஸ்துவன்தான, பைபிள அறுப்பியா?"

"அது பிரின்ட்டுண்ணே. எல்லா செட்லயும் அதேதான் இருக்குது."

சகாயராஜ் அன்றைக்குக் குடை எடுக்காமலேயே வெளியேற வேண்டியதாயிற்று. குடை இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

போன வாரம் ஒரு மத்தியானம். தூறல். வெங்கடாசலம் ட்ரம்முக்கு முன்னால் மண்டியிட்டு, தங்க எழுத்தில் இறங்கிய பழுப்பை எண்ணெய்த் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். அமராவதி கொல்லையில் செங்கல் அடுக்கின் மேல் நின்று காலைக் கழுவினார். கணுக்கால், விரல் இடுக்கு எல்லாம் தேய்த்துக் கழுவிப் புடவையால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. பின்பக்கத் தார்ப்பாயை ஒதுக்கிப் பெடலில் காலை வைத்து மிதித்தார்.

'பொத்.'

உள்ளே ஊறிச் சரிந்த உப்புச் சாக்கு தோலோடு தோலாக ஒட்டிக் கிடந்தது. அமராவதி முதலில் தன் காலைத்தான் குனிந்து பார்த்தார், தப்பு அதில்தான் என்பது போல. முகம் வாடிப் போயிற்று. கொஞ்சம் அழுத்தி இன்னொரு மிதி மிதித்தார். மறுபடி அதே 'பொத்'.

வெங்கடாசலம் கையெழுத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொண்டே வாயைத் திறந்து, "தொம்" என்றார்.